தண்ணீரில் முதலில் வந்த பறவைகள்

பின்னால் நீல மலை. பக்கத்தில் சாய்ந்த மரம் ஒன்று. நடுவில் ஏரி, ஏரியில் ஒற்றைக்காலில் நிற்கும் ரோஜா நிறப் பூநாரை. பல் மருத்துவரின் காத்திருப்பு அறையிலோ, ஏதோ ஒரு விடுதியின் மாடிப்படித் திருப்பத்திலோ, உங்கள் வீட்டு சோபாவுக்கு மேலேயோ இந்தப் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதை வரைந்தது யார் என்று தெரியுமா உங்களுக்கு? ஓரத்தில் கையெழுத்து இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். கையெழுத்துப் போட்டவரை எனக்குத் தெரியும். அவருக்கு ஒரு முட்டையைக்கூட ஒழுங்காக வரைய வராது.

அந்த மாதிரிப் படங்கள் ஒரே கையில் பிறப்பவை அல்ல. என் சித்தி, அம்மாவின் தங்கை, அப்படி ஒரு படக்கூடத்தில் வேலை செய்தாள். தெருவைப் பார்த்த முன் அறையில் பெரிய கண்ணாடி ஜன்னல், மின்விசிறி, சாய்வு நாற்காலிகள். அங்கே ஆண்கள் உட்கார்ந்து பறவை வரைவார்கள். அதற்குப் பின்னால், ஒரு காலத்தில் காகிதக் கட்டுகள் அடுக்கி வைத்திருந்த கிடங்கு. கூரைக்குக் கீழே கையகல வெளிச்சத் துளை மட்டும். அங்கே பெண்கள் முக்காலிகளில் உட்கார்ந்து மற்றதையெல்லாம் வரைவார்கள். மற்றது என்றால் உலகம் முழுக்க. ஒருத்தி வானம் பூசுவாள். அவள் பெயர் வானக்காரி. அடுத்தவள் மலையும் மரமும் வைப்பாள், அவள் மலைக்காரி. கேன்வாஸ் கைமாறிக் கடைசியில் சித்தியிடம் வரும். அவள் தண்ணிக்காரி.

சித்தப்பாவுக்கு பஸ் ஓட்டும் வேலை. வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும், "இந்த வீட்டுல தண்ணி போடுறது நான் இல்லங்க, அவதான்" என்பார். வந்தவர் சிரிக்கும்வரை விட மாட்டார். சித்தி ஒரு நாளும் சிரித்ததில்லை. அதனாலேயே அவர் அதைச் சொல்வதை நிறுத்தவும் இல்லை.

கல்லூரியில் படித்த காலத்தில் நான் அவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தேன். இன்றைக்கும் எங்காவது புதுக் கதவுக்கு வண்ணம் அடித்தால், அந்த டர்பன்டைன் வாசனையில் என் கால்கள் தாமாக நின்றுவிடும். சித்தியின் துணியில், தலைமுடியில், தலையணையில் எல்லாம் அந்த வாசனை. எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் ஒரு நீலக் கோடு. சாப்பாட்டு மேசைக்கு மேலே தூர தேசத்துக் காலண்டர் ஒன்று தொங்கும். மாதத்துக்கு ஒரு பறவை. தேதிகள் என்றோ காலாவதியானவை. அந்தக் காலண்டரைச் சித்தி தலைகீழாக மாட்டியிருந்தாள்.

பக்கத்து வீட்டு அக்கா வரும்போதெல்லாம் அது அவருக்கு உறுத்தும்.

"என்னம்மா, படம் கவுந்து தொங்குதே. நேரா மாட்டக்கூடாதா?"

"நேராத்தான் தொங்குது அக்கா."

"அப்ப நான்தான் கவுந்து நிக்கிறேனா?"

"நின்னு பாருங்க, நல்லாத் தெரியும்" என்பாள் சித்தி, அரிசியில் கல் பொறுக்கியபடி.

காரணம் இதுதான். ஏரிக்கரையில் பறவை நின்றால் தண்ணீரில் அதன் உரு விழ வேண்டும். படக்கூடத்தில் அதை நிழல் என்பார்கள். தண்ணீர் வண்ணம் ஈரமாக இருக்கும்போதே நிழலை வைத்துவிட்டு, காய்ந்த பிரஷ்ஷால் குறுக்கே மெல்ல இழுக்க வேண்டும். அப்போதுதான் அது தண்ணீருக்குள் இருப்பதுபோல் நடுங்கும். காய்ந்த பிறகு வைத்தால் கத்தரித்து ஒட்டிய காகிதம் மாதிரி மேலே நிற்கும். ஆகவே நிழல், தண்ணீர் போடுகிறவள் வேலை. மேலே பறவை நிற்க வேண்டிய இடத்தில் பறவை வடிவில் வெட்டிய அட்டையை வைத்து வெள்ளையாக விட்டுவிடுவார்கள். அதே அட்டையைக் கவிழ்த்து, தண்ணீரில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு, கழுத்தும் அலகும் இறகும் கண்ணும் சித்தி வரைவாள், கவிழ்ந்து தொங்கும் காலண்டரைப் பார்த்துப் பழகிய கையால். பிறகு கேன்வாஸ் முன் அறைக்குப் போகும். அங்கே இருப்பவர் வெள்ளை இடத்தில் பறவையை நிரப்புவார்.

அதாவது, அந்த ஏரிகளில் எல்லாம் முதலில் வந்தது நிழல். பறவை பிற்பாடுதான் வந்து சேர்ந்தது. சித்தி பல வருடங்களாகப் பறவைகளைத்தான் வரைந்துகொண்டிருந்தாள், தலைகீழாக. ஆனால் படக்கூடத்தில் அவளைப் பறவைக்காரி என்று யாரும் சொன்னதில்லை. அவளுக்கே அது தோன்றியதில்லை.

பறவை வரைந்தவர்களில் மூத்தவருக்குக் கொண்டைக்காரர் என்று பட்டப்பெயர். முன்தலை முடியை எண்ணெய் தடவி மேலே தூக்கிச் சீவியிருப்பார் என்பது ஒரு காரணம். இன்னொன்று, எந்தப் பறவையானாலும் அதன் தலையில் ஒரு கொண்டை வைக்காமல் அவர் கை ஓயாது. பூநாரைக்கு ஏது கொண்டை? அவர் கேட்க மாட்டார்.

"மொட்டையா நின்னா யாரு வாங்குவா?" என்பார். "நான் என்ன பாடப் புத்தகமா போடுறேன்? சுவத்துக்கு அழகு போடுறேன்."

கெட்ட மனிதர் இல்லை. கீழே நிழலில் கொண்டை இல்லை என்பதை அவர் ஒரு நாளும் கவனித்ததில்லை, அவ்வளவுதான். வாங்குகிறவர்களும் கவனித்ததில்லை. மேலே ஒரு பறவை, கீழே வேறொரு பறவை என்று எத்தனை வீடுகளுக்கு அந்தப் படங்கள் போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும்.

எல்லாம் மாறியது சட்டக்காரர் செய்த ஒரு தவற்றால். படங்களுக்குச் சட்டம் அடித்துக் கொக்கி மாட்டுவது அவர் வேலை. ஒரு நாள் அவசரத்தில் கொக்கியைக் கீழ்ப்பக்கம் அடித்துவிட்டார். படம் தலைகீழாகக் கண்ணாடி ஜன்னலில் ஏறியது. ஏரி வானமாயிற்று, வானம் ஏரியாயிற்று. முன் அறையில் யார் கண்ணுக்கும் படவில்லை. மாலையில் ஒரு அம்மா உள்ளே வந்து, ஜன்னல் படத்தைக் காட்டி, "அந்தப் பறவை மூச்சு விடுற மாதிரி இருக்குங்க, எடுத்துக் காட்டுங்க" என்றார். முதலாளி எடுத்தார், தவறைப் பார்த்தார், நாக்கைக் கடித்துக்கொண்டு நேராகத் திருப்பி நீட்டினார்.

அந்த அம்மா முகம் வாடிவிட்டது. "இல்லைங்க, இது இல்ல. மேல இருந்துச்சே, அது."

"அது நிழலும்மா. பறவை இதோ இருக்கு பாருங்க, கொண்டையோட."

"எனக்கு அந்தப் பறவைதான் வேணும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

கதவிடுக்கில் நின்று இதைக் கேட்ட வானக்காரி, உள்ளே ஓடிவந்து சித்தியிடம் சொன்னாள். அன்று சாயங்காலம் சித்தி வீட்டுக்கு வந்து, கையைக்கூடக் கழுவாமல் மேசை முன்னால் உட்கார்ந்து காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உடம்பு சரியில்லையா என்று சித்தப்பா கேட்டார்.

"என் பறவைய வாங்க ஒருத்தங்க வந்தாங்க" என்றாள்.

"உனக்கு ஏது பறவை?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

மறுநாள் முதலாளியிடம் போய் நின்றாள். கேட்டது ஒன்றே ஒன்று: முன் அறையில், ஜன்னல் பக்கம், தனக்கு ஒரு நாற்காலி. பறவை வரைகிறவருக்கு உள்ள நாற்காலி, அதே கூலி, அதே பெயர். பின் அறையில் மூச்சு முட்டி முட்டி அவளுக்கு இருமல் நிரந்தரமாகிவிட்டிருந்தது. அதை அவள் சொல்லவில்லை. பரிதாபத்துக்குக் கிடைக்கிற நாற்காலி வேண்டாம் என்று நினைத்தாள்.

முதலாளி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பிள்ளைக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார்: "தண்ணி, வானம் எல்லாம் வேற. பறவைக்கு உயிர் குடுக்கணும்மா. அது பொம்பள கையில நடந்தா ஆகாது. படம் போற வீடு விளங்காது."

பின் அறையிலிருந்து வானக்காரியின் குரல் வந்தது. "நாலு உயிரைக் குடுத்துட்டுத்தான் முதலாளி இங்க வந்து வானம் பூசிக்கிட்டு இருக்கேன். எந்த வீடு விளங்காமப் போச்சு?"

"நீ உன் வேலையப் பாரு."

"அதைத்தான் சொல்றேன். அதுவும் என் வேலைதான்."

முதலாளி சொன்னதை நான் வாழ்க்கையில் எத்தனையோ வடிவங்களில் கேட்டிருக்கிறேன். ராசி என்பார்கள், சாத்திரம் என்பார்கள், முன்னோர் வழக்கம் என்பார்கள். தோலை உரித்துப் பார்த்தால் உள்ளே எப்போதும் ஒரு நாற்காலிதான் இருக்கும். அதை விட்டு எழுந்திருக்க மனமில்லாத ஒருவரும் அதில் உட்கார்ந்திருப்பார்.

ஆனால் பின் அறையின் சத்தம் முன் அறை வரை வந்துவிட்டதால், சும்மா விடவும் முடியவில்லை. "சரி, வரைஞ்சு காட்டு" என்றார் முதலாளி. கொண்டைக்காரர் எழுந்து தன் நாற்காலியைத் துடைத்து நகர்த்தி வைத்தார், மரியாதையும் கிண்டலுமாக. வானமும் மலையும் நிழலும் முடிந்து, நடுவில் வெள்ளையாக ஓர் இடம் விட்ட கேன்வாஸ் ஒன்று வந்தது. நிழல் அவளுடையதுதான்.

சித்தி பிரஷ்ஷை எடுத்தாள். கை நகரவில்லை. கழுத்து மேலே போக வேண்டும். அவள் கையோ கீழே இழுத்தது. வளைவு எங்கே தொடங்க வேண்டும் என்றே புரியவில்லை. அத்தனை வருடமும் கழுத்தைத் தண்ணீருக்குள் இறக்கிப் பழகிய கை அது. ஒருவழியாக இழுத்த கழுத்து, தோட்டத்துத் தண்ணீர்க் குழாய்போல் வந்தது.

"குழாய்க்கு மூடி வைக்க மறந்துடாதம்மா" என்றார் கொண்டைக்காரர். முன் அறையே சிரித்தது.

இதை எனக்குச் சொல்லும்போது மலைக்காரியின் கண்கள் அப்போதும் கலங்கின. அந்த நிமிடத்தில் நானாக இருந்தால் வாசலைத் தாண்டி வீட்டுக்கே ஓடியிருப்பேன் என்றாள். சித்தி ஓடவில்லை. பழந்துணியில் டர்பன்டைனை நனைத்துக் குழாயைத் துடைத்தாள். எழுந்தாள். கேன்வாஸை இரண்டு கையாலும் தூக்கித் தலைகீழாகத் திருப்பி வைத்தாள். உட்கார்ந்தாள். அப்புறம் கை எங்கும் நிற்கவில்லை. கழுத்து இறங்கியது, உடல் மேலே விரிந்தது, மடித்த கால் மடங்கிய இடத்தில் சரியாக மடங்கியது. கடைசியாகக் கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி. அவள் படத்தை நேராகத் திருப்பி வைத்தபோது, ஏரியில் ஒரு பூநாரை நின்றது. தன் நிழலைப் பார்த்து, அது தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்ட முதல் பூநாரை.

கொண்டைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "கொண்டை இல்லையே."

முதலாளி படத்தை வெகுநேரம் பார்த்தார். "கெட்டிக்காரிதான். ஒத்துக்கறேன். ஆனா முன் ரூம்ல வாடிக்கைக்காரங்க வர்றாங்கம்மா. ஒரு பொம்பள உக்காந்து படத்தைக் கவுத்துப் போட்டு சர்க்கஸ் காட்டினா நல்லாவா இருக்கும்? உள்ளேயே இருந்து வரை. தண்ணியோட சேத்து அதையும் வரை. யாருக்கும் தெரிய வேண்டாம்."

கவனித்தீர்களா? ஆகாது என்றது ஆகிவிட்டது. வீடு விளங்காது என்றது விளங்கும் ஆகிவிட்டது. யாருக்கும் தெரியாமல், அதே முக்காலியில், அதே கூலிக்கு வரைந்தால் போதும்.

"நாற்காலி இல்லன்னா பறவை இல்ல முதலாளி" என்று சொல்லிவிட்டுச் சித்தி உள்ளே போனாள்.

வேலையை அவள் நிறுத்தவில்லை. தினமும் போனாள். தண்ணீர் போட்டாள். முன்னைவிட அழகான தண்ணீர், கை வைத்தால் ஈரம் ஒட்டும் என்று தோன்றுகிற தண்ணீர். ஆனால் அதில் நிழல் வைக்கவில்லை. பறவை வரைவது பெண்ணுக்கு ஆகாது என்றால், தலைகீழாக வரைந்தாலும் அது பறவைதானே? முதலாளி சொன்னதை அப்படியே கடைப்பிடித்தாள்.

முதலில் யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு கொண்டைக்காரருக்கு ஏதோ உறுத்த ஆரம்பித்தது. பறவையை முடிப்பார், எட்டி நின்று பார்ப்பார், தலையைச் சொறிவார், கொண்டையைப் பெரிதாக்குவார். "என்னமோ என் பறவையெல்லாம் தண்ணியில நிக்க மாட்டேங்குது" என்று முனகுவார். காரணம் மட்டும் பிடிபடவில்லை. பழைய நாட்களில் தூர தீவுகளிலிருந்து சொர்க்கப் பறவைகளைப் பாடம் செய்து அனுப்பும்போது கால்களை வெட்டிவிட்டு அனுப்புவார்களாம். அதைப் பார்த்த மேல்நாட்டு அறிஞர்கள், அந்தப் பறவைக்குக் காலே கிடையாது, அது வானத்திலேயே வாழ்ந்து வானத்திலேயே சாகும் என்று நம்பினார்கள் என்று படித்திருக்கிறேன். கண் முன்னால் வராததை இல்லை என்று முடிவுகட்டுவது கொண்டைக்காரருக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல.

அப்புறம் படங்கள் திரும்பி வரத் தொடங்கின. ஒரு மருத்துவர், தன் காத்திருப்பு அறையில் மாட்டிய படத்தை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். நோயாளிகள் அதற்கு எதிரே உட்கார மறுக்கிறார்களாம். தண்ணீரில் நிற்கிறது, உருவம் விழவில்லை, இது பேய்ப் பறவை என்கிறார்களாம். விடுதிக்காரர் ஒருவரும் அதையே சொன்னார். பேச்சு பரவியது.

பேயும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மனிதக் கண்ணுக்குத் தண்ணீரைப் பற்றித் தெரியும். எதிர்பார்த்தது கிடைக்காவிட்டால் அது கலங்கும். அவ்வளவுதான் விஷயம். ஆனாலும் மூடநம்பிக்கை ஒன்று நியாயத்தின் பக்கம் தவறிப்போய் வந்து விழுந்ததை என் வாழ்நாளில் அந்த ஒரு முறைதான் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு அதற்கு நன்றி சொல்கிறேன்.

சித்தியிடம் கேட்டால் நாற்காலிப் பேச்சு வரும் என்று முதலாளி கொண்டைக்காரரையே நிழல் வைக்கச் சொன்னார். அவர் காய்ந்த தண்ணீர்மேல் வைத்தார். கழுத்து கீழே போகவேண்டிய இடத்தில் அவர் கை மேலே போனது. ஏரியில் இன்னொரு பறவை முழுகிச் செத்துக் கிடப்பதுபோல் இருந்தது, கொண்டையோடு. அவர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிடங்குக் கதவைத் தானே திறந்துகொண்டு உள்ளே போனார். அத்தனை வருடத்தில் அவர் அந்த அறைக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. உள்ளே போனதுமே இருமினார்.

"இந்தக் காத்துலயா இருக்கீங்க?"

"காத்து எங்க இருக்கு?" என்றாள் வானக்காரி. "இருந்தாச் சொல்லுங்க, நாங்களும் பாக்கறோம்."

கொண்டைக்காரர் வெளியே வந்து முதலாளியிடம் சொன்னது இதுதான்: "அந்தம்மாவுக்கு ஒரு நாற்காலி போடுங்க. நான் அவங்களுக்காகக் கேக்கல. என் பறவை தண்ணியில நிக்கணும்."

பெருந்தன்மை என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் உண்மையைச் சொன்னார். நாற்காலி வந்தது, ஜன்னல் பக்கம். சித்தி அதில் உட்காருவதற்கு முன்னால் இன்னொன்றும் கேட்டு வாங்கினாள். கிடங்கின் பின்சுவரை இடித்து ஒரு ஜன்னல் வைக்க வேண்டும். வானக்காரிக்கு அதற்குப் பிறகுதான், தான் தினமும் பூசுகிற சாமான் நிஜத்தில் எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கிடைத்தது. "நான் போடுற நீலம் கொஞ்சம் தூக்கல்தான்" என்று ஒத்துக்கொண்டாளாம்.

அதன்பின் சித்தி ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலியில் உட்கார்ந்து, படங்களைக் கவிழ்த்துப் போட்டே பறவை வரைந்தாள். நேராக வரைய அவளுக்குக் கடைசிவரை வரவில்லை. வேடிக்கை பார்க்கத் தெருவில் கூட்டம் நிற்கும். முதலாளி பயந்த சர்க்கஸ் அவருக்கு நல்ல வியாபாரமாயிற்று. ஆனாலும் படத்தின் ஓரத்தில் அவர் கையெழுத்துதான் விழுந்தது. அந்தச் சண்டைக்கும் சித்தி தயாராக இருந்தாள். அதற்குள் கண்ணில் புரை விழுந்துவிட்டது.

அவள் கண் மங்குவதற்கு வெகு முன்னால், எனக்கு முதல் சம்பளம் வந்தபோது, அவளையும் சித்தப்பாவையும் மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போனேன். வாழ்நாளெல்லாம் வரைந்த பூநாரையை அவள் நேரில் பார்த்ததே இல்லை. குளத்தங்கரை வேலியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். பார்வை முழுக்கத் தண்ணீர்மேல்.

"பறவையப் பாருங்க சித்தி" என்றேன்.

"அது எங்க போகப்போகுது. இரு."

ஒரு பூநாரை தலையைத் தாழ்த்தித் தண்ணீரைத் தொட்டது. நிழல் துண்டு துண்டாக உடைந்து, அலைந்து, மெல்ல ஒன்று சேர்ந்தது. சித்தி கையை லேசாக அசைத்தாள், காய்ந்த பிரஷ்ஷைக் குறுக்கே இழுப்பதுபோல்.

"பாத்தியா, அதுவே சேந்துக்குது" என்றாள். "நாம எவ்வளவு பாடுபடுறோம்."

"அதுக்கும் கொண்டை இல்லயே, கவனிச்சியா?" என்றார் சித்தப்பா. அன்றைக்குத்தான் அவர் பேச்சுக்குச் சித்தி சிரித்து நான் பார்த்தேன். நினைத்தால் இப்போதும் அந்தச் சிரிப்புதான் முதலில் வருகிறது, டர்பன்டைன் வாசனையோடு.

இப்போது அவள் இல்லை. அவள் போட்ட ஏரிகள் இருக்கின்றன, எங்கெங்கோ, யார் யார் வீட்டிலோ. ஆகவே ஒன்று கேட்கிறேன். உங்கள் சுவரில் அப்படி ஒரு படம் இருந்தால், இன்றைக்கே அதை இறக்குங்கள். தூசியைத் துடைத்துத் தலைகீழாகப் பிடியுங்கள். மேலே கொண்டை வைத்த பறவையும், தண்ணீரில் கொண்டை இல்லாத பறவையும் இருந்தால், படத்தின் பின்பக்கம் ஒரு பென்சிலால் எழுதுங்கள்: 'கீழே இருப்பது தண்ணிக்காரி வரைந்தது.' எழுதிவிட்டு, எந்தப் பறவை உங்களுக்குப் பிடித்திருக்கிறதோ அது மேலே வரும்படி திரும்ப மாட்டுங்கள்.